மூன்றாவது படிக்கு ஓர் அட்டை

சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு ஆலயத்தைத் துடைப்பது என் வழக்கம். இருபத்திரண்டு ஆண்டுகளில் மூன்று சனிக்கிழமைகளே தவறியிருக்கின்றன. இரண்டு என் காய்ச்சலால், ஒன்று என் தங்கையின் பல்வலியால். முதலில் ஜன்னல் விளிம்புகள், பிறகு ஆர்கன் பெட்டி, கடைசியாகப் பிரசங்க மேடையின் மூன்று படிகள். மூன்றாவது படி சற்று ஆடும். பழைய நோட்டுப் புத்தகத்தின் மேலட்டையை நான்காக மடித்து அதன் அடியில் செருகுவேன். ஒரு வாரம் தாங்கும். அடுத்த சனிக்கிழமை புதிய அட்டை.

எங்கள் சபையைச் சேர்ந்த தச்சர், ஆரம்ப காலத்திலேயே, அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், ஒரு கட்டை, ரெண்டு ஆணி. பத்து நிமிஷ வேலை. காசுகூட வேணாம்."

"இருக்கட்டும். அட்டையே போதும்."

"வாரா வாரம் மடிக்கிறதுக்கு உங்களுக்குச் சலிக்கலையா?"

சலிக்கவில்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். போதகர் ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் படியில் கால் வைக்கும்போது, அவர் விழாமல் நிற்பது என்னால்தான் என்ற நினைவு எனக்கு வாரம் முழுவதற்கும் போதுமான மகிழ்ச்சியைத் தந்தது. ஆணி அடித்துவிட்டால் அந்த மகிழ்ச்சி ஆணிக்கல்லவா போய்ச் சேரும்?

பேராயர் அவர்களே, தங்களுக்கு நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கையும் தாங்கள் படித்திருக்கிறீர்கள். அவற்றை எழுதியவர் யார் என்பதுதான் தங்களுக்குத் தெரியாது. மொட்டைக் கடிதங்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு. இதில் என் கையெழுத்து இருக்கிறது. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன்; இந்தச் சபையின் செயலர்; ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்பவன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்குத் தூக்கம் வராது.

போதகர் இங்கே வந்த ஆண்டில்தான் என் மனைவி இறந்தாள். அதன்பின் நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அவர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன்: "எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

"அப்படியா சார்? நான் தினமும் அந்தப் பக்கம்தான் போறேன். ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க, சேர்த்துடுறேன்."

நான் சிரித்துவிட்டேன். மனைவி போன பிறகு அதுவே என் முதல் சிரிப்பு. அவரும் சிரித்தார். அவருடைய சிரிப்பைத் தாங்கள் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். இப்போது கேட்பதும் அரிது. மாட்டு வண்டி கூழாங்கல் பாதையில் போவது போல, கடகடவென்று, நிறுத்த முடியாமல் வரும். தொடர்ந்து நாற்பது நாள் வந்தார். போதனை எதுவும் செய்யவில்லை. என் பாத்திரங்களைக் கழுவினார், சட்டைகளை மடித்தார், தப்பாக மடித்தார். நாற்பத்தோராம் நாள் நான் ஆலயத்துக்குப் போனேன். அன்றைய பிரசங்கம் முழு இருதயத்தோடு அன்பு செய்வது பற்றி. கால் இருதயம், அரை இருதயம் என்று கடவுள் சில்லறையாக வாங்குவதில்லை என்றார். அன்றே முடிவு செய்தேன். பள்ளியில் முப்பது ஆண்டு மதிப்பெண் போட்டவன் நான். எனக்கு நூற்றுக்கு நூறு வாங்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது.

ஐந்து ஆண்டுகள் சொர்க்கம் போலக் கழிந்தன. ஐந்தாம் ஆண்டு முடிவில், போதகருக்கு மாற்றம் வருகிறதென்று தங்கள் அலுவலகத்திலிருந்து தகவல் வந்தது. வறண்ட காற்றுள்ள, பெரிய சபை. அவருக்கு அது உயர்வு. அவருடைய மனைவிக்குச் சளித் தொல்லை உண்டு. எங்கள் ஆற்றங்கரை ஈரத்தைவிட அந்தக் காற்று அவருக்கு நல்லது என்று மருத்துவரும் சொல்லியிருந்தார்.

செயலர் என்ற முறையில் சபை விதிகள் எனக்கு மனப்பாடம். பதினான்காம் விதி சொல்வது இது: ஒரு போதகரைப் பற்றிய விசாரணை நிலுவையில் இருக்கும்போது அவரை வேறு சபைக்கு மாற்றலாகாது; எங்கே கேள்வி எழுந்ததோ அங்கேயே பதில் கிடைக்க வேண்டும். நல்ல விதி. யார் வகுத்தாரோ, தொலைநோக்குள்ளவர். விசாரணை முடிய எட்டு மாதமாகும். அதற்குள் அந்த இடத்துக்கு வேறொருவர் போய்விடுவார். அடுத்த வாய்ப்பு மறுபடி ஐந்து ஆண்டு கழித்துத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் முதல் கடிதத்தை இடக்கையால் எழுதினேன். எழுத்துப் பிழைகளை வேண்டுமென்றே விட வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தியாகங்களில் அதையும் சேர்க்கலாம். குற்றம் என்ன எழுதுவது என்பதுதான் சிக்கல். மனிதரிடம் குற்றமே இல்லை. பொய் எழுத என் மனச்சாட்சி இடம் தரவில்லை. ஆகவே உண்மையையே எழுதினேன்: 'போதகர் பிரசங்க மேடையில் சிரிக்கிறார்.'

தங்கள் அலுவலகம் அதன் நகலைப் போதகருக்கு அனுப்பி, செயலரிடம் விளக்கமும் கேட்டது. மறுப்புக் கடிதத்தை நானே எழுதினேன், இம்முறை வலக்கையால், பிழையின்றி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மறுப்புதான் சிறந்த எழுத்து. எட்டு மாதத்தில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. நான் ஆலயத்தில் எல்லாருக்கும் இனிப்பு வழங்கினேன்.

ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. போதகர் மேடையில் சிரிப்பதை நிறுத்திவிட்டார்; வெளியிலும் அந்தக் கடகடச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் ஐயா?" என்று கேட்டேன்.

"யாரோ ஒருத்தருக்கு என் சிரிப்பு வலிச்சிருக்கு, சார். குற்றமில்லைன்னு தீர்ப்பு வந்தா, வலி இல்லைன்னு ஆயிடுமா?"

அவரை நான் இன்னும் அதிகமாக நேசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

அந்த வாரத்திலிருந்து புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் 'பெயர் எழுதாத அந்த நண்பருக்காக' ஒரு ஜெபம் சேர்ந்துகொண்டது. என்னை வேறு யாரும் இவ்வளவு ஒழுங்காக நினைத்ததில்லை. நான் மனமுருகி ஆமென் சொல்வேன். கணவரை இழந்து என்னோடு வசிக்கும் என் தங்கை ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். வாய்த் துடுக்கு அதிகம். வீடு திரும்பும்போது சொன்னாள்:

"அண்ணே, உங்க ஆமென்ல ஜன்னல் கண்ணாடி ஆடுது. நான் வாசிக்கிறது எனக்கே கேட்கலை."

இரண்டாவது கடிதம் பத்தாம் ஆண்டில். போதகர் பாடகர் குழுவை மிஞ்சிப் பாடுகிறார் என்று எழுதினேன். அதுவும் உண்மையே. அவர் குரல் உரக்க எழும். சுருதி அதைத் தேடிக்கொண்டு பின்னால் போகும். அதன்பின் அவர் உதட்டளவில் மட்டும் பாடினார். என் தங்கை, "பாட்டு சுத்தமா இருக்கு, ஆனா ஆறிப்போன காப்பி மாதிரி இருக்கு" என்றாள்.

இந்தக் கடிதத்தால் தச்சருக்குச் சிறு சங்கடம் ஏற்பட்டது. அதற்கு முந்தின மாதம் அவர், 'ஐயா பாடினா நான் புதுசா செஞ்ச பெஞ்சுல பசை விட்டுடும்' என்று எல்லார் முன்னும் கேலி செய்திருந்தார். ஆகவே கடிதம் அவருடையதே என்று சபையில் பேச்சு கிளம்பியது. யாரும் நேரே கேட்கவில்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான். செயலர் என்ற முறையில் ஆறுதல் சொல்ல அவருடைய பட்டறைக்குப் போனேன். பலகையைச் சீவிக்கொண்டிருந்த இழைப்புளியை நிறுத்தாமலே பேசினார்.

"மொட்டைக் கடுதாசியா? நானா? நான் செய்யிற ஒவ்வொரு பெஞ்சுக்கும் அடியில என் பேரை வெட்டி வச்சிருக்கேன் சார். குனிஞ்சு பாருங்க. பேரு போடாம நான் ஒரு முக்காலிகூடச் செஞ்சதில்லை."

"நான் உங்களை மன்னித்துவிட்டேன்" என்றேன். வேறென்ன சொல்வது? அவர் இழைப்புளியைக் கீழே வைத்து என்னை நெடுநேரம் பார்த்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் ஆலயத்துக்கு வரவில்லை. போதகர்தான் திங்கட்கிழமைகளில் பட்டறைக்குப் போய் மரத்தூளில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

பதினைந்தாம் ஆண்டில் அனுப்பிய மூன்றாவது கடிதத்தைப் பற்றி எழுதும்போது என் கை சற்றே தயங்குகிறது. வயதின் காரணமாக இருக்கலாம். போதகரும், சபையார் அம்மா என்று அழைக்கும் அவர் மனைவியும் மாலைவேளையில் கைகோத்து ஆற்றுப்பாலம் வரை நடந்துவிட்டு வருவார்கள். ஊரே அதைப் பார்த்து மகிழும். அது ஊழியக்காரருக்கு அழகல்ல என்று எழுதினேன். அதன்பின் போதகர் முன்னே நடந்தார். அம்மா பத்தடி பின்னால் நடந்தார்கள். அப்புறம் அம்மா நடப்பதை விட்டுவிட்டார்கள். அந்த மழைக்காலத்தில் ஈரம் மார்பில் இறங்கிவிட்டது. மறு ஆண்டு, வறண்ட காற்றுள்ள ஊரில் இருக்கும் மகளிடம் போய்த் தங்குவதுதான் ஒரே வழி என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பேருந்தில் ஏறுமுன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் என்னை எப்போதும் அண்ணன் என்றே அழைப்பார்கள்.

"அண்ணே, அவரைப் பார்த்துக்குங்க. தனக்குன்னு எதுவும் கேட்கத் தெரியாது அவருக்கு. உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

அந்த வாக்கை நான் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக அவருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் என் வீட்டில்தான். அவருடைய சட்டைகளை நான் மடிக்கிறேன், சரியாக மடிக்கிறேன். மாலையில் ஆற்றுப்பாலம் வரை அவரோடு நடப்பவனும் நான்தான். உண்மையைச் சொன்னால், இந்த ஆறு ஆண்டுகளே என் வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியானவை.

ஒருமுறை நடக்கும்போது அவர் சொன்னார்: "சார், நீங்க என்னைக் கும்பிடுறீங்களோன்னு எனக்குச் சில சமயம் பயமா இருக்கு. நான் யாரைக் கும்பிடுறேனோ அவரைக் கும்பிடுங்க. நான் வெறும் தபால்காரன்."

அது அவருடைய பணிவு.

நான்காவது கடிதம் இரண்டு ஆண்டுகளுக்கு முன். அப்போது மகள் இருக்கும் ஊரின் சபையே அவருக்குக் கிடைக்கவிருந்தது. அவர் உடல் இங்கும் உள்ளம் மனைவியிடமும் இருப்பதாக எழுதினேன். எழுதி முடித்தபின் கடிதம் வெறுமையாகத் தோன்றியது. ஆகவே ஒரு கதை சேர்த்தேன். ஆற்றின் இரு கரைக்கும் நிழல் தர ஆசைப்பட்டுச் சாய்ந்துகொண்டே போன ஒரு மரம், கடைசியில் ஆற்றிலேயே விழுந்த கதை. சிறிய கதைதான், ஆனால் நன்றாக அமைந்துவிட்டது. நகலைப் படித்த போதகர் ஆண்டுக்கு நான்கு முறை மனைவியைப் பார்க்கப் போவதை ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார்.

என்னை வேதத்தில் வரும் பன்னிரு சீடரில் ஒருவனோடு, தன் குருவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தவனோடு, தாங்கள் ஒப்பிடக்கூடும். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒப்பீடு பொருந்தாது. அவன் வெள்ளிக்காசு வாங்கினான். நான் ஒரு தபால்தலையைக்கூடச் சபைச் செலவில் வாங்கியதில்லை. அவன் தன் குருவை அனுப்பிவைத்தான். நான் என் குருவை இருக்கவைத்தேன்.

சென்ற மாதம் ஞாயிறு வகுப்பில் ஒரு கதை சொன்னேன். ஒரு நாய் தன் எஜமானை மிகவும் நேசித்தது. எஜமான் வெளியூருக்குப் பெட்டி கட்டும்போதெல்லாம் அவருடைய செருப்பில் ஒன்றை எடுத்து ஒளித்துவைக்கும். அவர் தேடித் தேடி வண்டியைத் தவறவிடுவார். பிறகு நாய் செருப்பைக் கொண்டுவந்து காலடியில் போட்டு வாலாட்டும். எஜமான், 'நீ ஒருத்தன்தான்டா எனக்கு' என்று தடவிக்கொடுப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆர்கனைத் துடைத்துக்கொண்டிருந்த என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த ஊர்ல எஜமானுக்காக யாராவது காத்துக்கிட்டு இருந்தாங்களா, அண்ணே?"

"அது கதையில் வரவில்லை."

"கதையில வரலைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தமா?"

பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டதால் வகுப்பை முடித்தேன்.

சென்ற வாரம் தங்கள் உத்தரவு வந்தது. அம்மாவின் நிலை மோசமாக இருப்பதாகவும், மருத்துவர் மாதக் கணக்கில்தான் நாள் குறித்திருப்பதாகவும் மகள் தங்களுக்கு நேரே எழுதினாளாம். போதகரை உடனே அந்த ஊருக்கு மாற்றியிருக்கிறீர்கள். ஐந்தாண்டுக் கணக்கில் வராத உத்தரவு. எனக்கு முன்தகவலும் இல்லை. உத்தரவு மேசைமேல் கிடப்பதைப் பார்த்த என் தங்கை, "இந்தத் தடவை செருப்பு கிடைச்சுடுச்சு போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் பேச்சு சில சமயம் எனக்குப் புரிவதில்லை.

போதகர் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு சிரித்தார். பதினேழு ஆண்டு கழித்து அந்த வண்டி மறுபடி கூழாங்கல்லில் ஓடியது. கண்ணீர் வழியச் சிரித்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அந்தச் சிரிப்பு எனக்காக வந்ததல்ல என்பது சற்றே வருத்தமாக இருந்தது.

அன்று மாலையே அவர் பட்டறைக்குப் போனார்; நானும் போனேன். தச்சர் முன்னால், மரத்தூளில், முழங்காலிட்டார்.

"ஐயா, என்ன இது! எழுந்திருங்க. வேட்டியெல்லாம் தூசி."

"பன்னிரண்டு வருஷம் உங்க பக்கத்துல வந்து உட்கார்ந்தேன். ஆனா மேடையில ஏறி நின்னு, 'இவர் எழுதலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. சண்டை வேண்டாம்னு இருந்துட்டேன். அது என் கோழைத்தனம். மன்னிச்சுடுங்க."

ஞாயிற்றுக்கிழமை அதை மேடையிலிருந்தே சொன்னார். தச்சர் வந்திருந்தார், தலை வாரி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு. என் தங்கை அழுத்தி வாசித்த வாசிப்பில் ஆர்கனின் ஒரு கட்டை உள்ளேயே சிக்கி, மேலே எழவே இல்லை. வெளியே வரும்போது தச்சர் என்னிடம், "சார், சனிக்கிழமை வந்து அந்த மூணாவது படியைச் சரி பண்ணிடுறேன். புதுசா வர்றவர் விழுந்துடப் போறாரு" என்றார். அவசரமில்லை என்றேன்.

நேற்றுப் பகல் சாப்பாட்டுக்குப் பின் போதகர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்ககிட்டயும் ஒரு மன்னிப்புக் கேட்கணும்."

"என்னிடமா? எதற்கு?"

"நாலாவது கடுதாசியில ஒரு மரத்துக் கதை இருந்துச்சே. அதைப் படிச்சதும் உங்களைச் சந்தேகப்பட்டேன். இந்த ஊர்ல கதை சொல்லித் திட்டுறவர் வேற யாரு?" லேசாகச் சிரித்தார். "அப்புறம் வெட்கமாப் போச்சு. எனக்குச் சோறு போடுற கையை நினைச்சு."

அவர் என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். இடக்கையை.

"வண்டி வியாழக்கிழமைதான். அதுவரைக்கும் இங்கதான் இருக்கேன். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க சார். எதுவானாலும் சரி. கோபப்பட எனக்கு நேரமே இல்லை."

சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சேவல் கூவுமுன் தன் குருவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடரின் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர் ஏன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை என்று அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். குளிர் காய்ந்துகொண்டிருந்தார், நெருப்பை விட்டு எழ மனமில்லை என்று பதில் சொல்வேன்.

"நான் உங்களை மன்னித்துவிட்டேன், ஐயா" என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு நாற்காலியை இருந்த இடத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டுப் பெட்டி கட்டப் போனார்.

பரிகாரம் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறுதிப்பட்டது. ஒரு நல்ல மனிதர் மேல் நான்கு கடிதங்களின் நிழல் விழுந்திருக்கிறது. அந்த நிழலோடு அவர் வேறு சபைக்குப் போவது முறையல்ல. ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: நான்கு கடிதங்களையும் எழுதியவன் நான். தச்சர் குற்றமற்றவர். போதகர் குற்றமற்றவர். இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும், செயலர் பதவியைப் பறித்தாலும், மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். இது சாதாரணக் குற்றமல்ல. இருபத்திரண்டு ஆண்டு ஊழியத்தைத் தொடுவது. நான்கு கடிதங்களையும் மீண்டும் திறந்து, முழுமையாக விசாரிக்க வேண்டும். முதன்மைச் சாட்சி போதகர்தான். அவர் இங்கே, நேரில், இருந்தாக வேண்டும். பதினான்காம் விதியைத் தங்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. முந்தைய விசாரணைகள் எட்டு மாதம் எடுத்தன. இம்முறை சற்றுக் கூடுதலாக ஆனாலும் நான் குறை சொல்ல மாட்டேன். நீதி நிதானமாக நடக்கட்டும். அம்மாவுக்கு நானே ஆறுதலாக ஒரு கடிதம் எழுதிவிடுகிறேன்.

தபாலை நம்பவில்லை. வியாழக்கிழமை வண்டிக்கு முன் தங்கள் கையில் கிடைக்கும்படி இதை நாளைக் காலை நானே கொண்டுவந்து தருகிறேன். திரும்பி வந்து, அவருடைய பெட்டிகளை அவிழ்க்க உதவ வேண்டும்.

சனிக்கிழமைக்கான அட்டையை மடித்து வைத்துவிட்டேன்.